கல்லூரிக்குள் ஒரு மேசை: உயர்கல்வித் துறை அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

காவிரிப் படுகையில் அரசுக் கலைக் கல்லூரிகளில் முப்பத்தோரு ஆண்டு வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் சொந்தக் கோரிக்கை எதற்காகவும் இந்த மடலை எழுதவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்காகவும், அவளைப்போல் ஆண்டுதோறும் பி.காம். பட்டத்தோடு வெளியே போகும் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, ஒரு சனிக்கிழமை மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அம்மாவும் அவளுமாகச் சத்துமாவும் இட்லிப் பொடியும் அரைத்துச் சுற்றுவட்டக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக ஒரு மாவு மிஷின், ஒரு வறுக்கும் இயந்திரம், பாக்கெட் ஒட்டும் கருவி வாங்க வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு என்று யாரோ சொல்ல, விண்ணப்பித்திருந்தாள். ஒரு முகவரிடம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்துத் திட்ட அறிக்கையும் வாங்கிவிட்டாள். வங்கியில் மேலாளர் அந்த அறிக்கையைப் புரட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: நடைமுறை மூலதனம் இருபதாயிரம் என்று போட்டிருக்கிறதே, அது எப்படி வந்தது? அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஃபைல் திரும்பிவிட்டது.

அந்த மேலாளர் மீது எனக்கு வருத்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

“கேழ்வரகு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாங்குவேம்மா?” என்று கேட்டேன்.

“பத்து நாளைக்கு சார்.”

“கடைக்காரங்க காசு எப்பக் கொடுப்பாங்க?”

“ஒரு மாசம் ஆகும் சார். அடுத்த சரக்கைப் போட்டாத்தான் முன்ன போட்டதுக்குக் காசு.”

ஒரு கிலோவுக்கு அடக்கவிலை 110 ரூபாய். நாளொன்றுக்கு 15 கிலோ. பத்து நாள் தானியமும் முப்பது நாள் கடனுமாக நாற்பது நாளைக்குப் பணம் முடங்கிக் கிடக்கிறது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவளையே பெருக்கச் சொன்னேன். 66,000 வந்தது. தோராயக் கணக்குதான், ஆனால் அவள் தொழிலின் கணக்கு அது. இருபதாயிரத்தை நம்பி இறங்கியிருந்தால் இரண்டாம் வாரமே தானியம் வாங்கக் கையில் காசு இருந்திருக்காது.

தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “இதைத்தான் சார் நீங்க ரெண்டாம் வருசம் நடத்துனீங்களா?”

அமைச்சர் அவர்களே, அந்தக் கேள்வியோடுதான் நான் இன்னமும் இருக்கிறேன். நடைமுறை மூலதனப் பாடத்தில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இருப்புநிலைக் குறிப்பை இரண்டு பக்கமும் சரியாகச் சமன்செய்வாள். அந்தக் கணக்கில் இருந்த ‘அ நிறுவனம்’ அவளுக்கு யாருடையதோவாக இருந்தது. அவள் அம்மாவின் மாவுக்கும் அதற்கும் உறவு உண்டு என்பதை முப்பத்தோரு ஆண்டில் நான் வகுப்பில் காட்டவில்லை.

அவளிடம் இல்லாதது வசதி அன்று. இந்த மாநிலத்தில் தொழில் பழக, தொடங்க, சோதித்துப் பார்க்க எத்தனை இடங்கள்! மாவட்டத் தொழில் மையங்கள் 1978-இலிருந்து இருக்கின்றன. சென்னையில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. புதிய தொழில்முனைவோருக்காக 2012-இல் வந்த நீட்ஸ் திட்டத்தில் மூலதன மானியம் 25 சதவீதம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் சாப்பாடு போட்டு, தங்க இடமும் கொடுத்து இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். தோலுக்கு அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நூலுக்கும் துணிக்கும் கோவையில் சிட்ரா ஆராய்ச்சி நிறுவனம். எங்கள் பக்கத்திலேயே, தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையில், மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1967-இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கூடமாகப் பிறந்து, 2021-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது. சிறு உற்பத்தியாளர்கள் கட்டணம் கட்டித் தங்கள் பொருளை அங்கேயே செய்து பார்க்கலாம். ஆய்வகத்தில் சோதிக்கவும் கொடுக்கலாம். எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம். மூன்று ஆண்டு படித்த அந்தப் பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

வழி சொல்ல ஆளில்லாத இடத்தில் முகவர்கள் வந்து நிற்கிறார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு அவள் எழுநூறு ரூபாய் கொடுத்திருக்கிறாள். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்குச் சிறு உற்பத்தியாளர் கட்ட வேண்டியது அன்றைக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய். அவளிடம் வாங்கியது இரண்டாயிரத்து ஐந்நூறு. தொழில் தொடங்கும் முன்பே ஒரு கூலிக்காரர் வீட்டிலிருந்து ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. மும்முனை மின் இணைப்புக்கு வைத்திருந்த பணம் அது.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இந்த 47-க்குப் பின்னால் சத்துணவும் கட்டணச் சலுகையும் பேருந்துப் பயண அட்டையும், அவற்றுக்காகப் போராடிய தலைமுறைகளும் இருக்கின்றன. அதை யாரும் குறைத்துப் பேச நான் விடமாட்டேன். ஆனால் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த பிள்ளைக்கு உள்ளே என்ன கொடுத்து அனுப்புகிறோம்? மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் நல்ல திட்டம். 2022-இல் அது வந்த பிறகு எங்கள் பிள்ளைகள் நேர்காணலுக்குத் தயங்காமல் போகிறார்கள். என் பார்வையில், அது பெரும்பாலும் இன்னொருவர் நடத்தும் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் வழியைத்தான் காட்டுகிறது. சொந்த ஊரில் பத்துப் பேருக்கு வேலை கொடுக்க நினைக்கும் பிள்ளைக்குக் கலைக் கல்லூரியில் இடமில்லை.

பொறியியல் கல்லூரிகளிலும் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களிலும் தொழில் வளர் மையங்கள் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலேயே கணக்கர் இருப்பார், தெரிந்த வங்கி மேலாளர் இருப்பார். எங்கள் மாணவர்களுக்கு ஒன்று மட்டும் உண்டு, அதை நாம் மதிப்பதில்லை. முதல் சுழற்சி வகுப்புகள் முடிந்ததும் மதியம் ஒரு மணிக்குமேல் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். ஜவுளிக்கடை, பேக்கரி, கேட்டரிங், கைப்பேசி பழுது பார்க்கும் கடை. தீபாவளிக்கு எந்த ரகம் நகரும், எது தேங்கும் என்று கடைசி பெஞ்சுப் பையனுக்குத் தெரியும். காலையில் அவனுக்குச் சரக்கிருப்பு நிர்வாகம் நடத்துவேன். மதியம் அவன் பார்க்கும் சரக்கைப் பற்றி ஒரு நாளும் நான் அவனிடம் கேட்டதில்லை.

படிப்பையும் தொழிலையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பார்த்த மண் இது. கோவையில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் 1926-இல் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கை அறக்கட்டளைக்கு வைத்தார்கள். அதிலிருந்து வந்த தொழிற்கூடத்தில் மோட்டாரும் பம்பும் செய்துகொண்டே பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் கூடத்தின் பக்கத்தில்தான் 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது.

கல்லூரிகளில் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையம் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதிகாரிகள் தங்களிடம் சொல்லக்கூடும். இருக்கிறது. நானே இரண்டு ஆண்டு அதற்கு ஒருங்கிணைப்பாளர். ஒரு பேனர், ஒரு சிறப்பு விருந்தினர், தேநீர், புகைப்படம், இருநூறு சான்றிதழ். அறிக்கையில் ‘200 மாணவர்கள் பயிற்சி பெற்றனர்’ என்று நான்தான் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர்களில் எத்தனை பேர் ஒரு விண்ணப்பமாவது போட்டார்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை. தொழில் மையம் சிறுதொழில் துறையின்கீழ், மகளிர் குழு ஊரக வளர்ச்சித் துறையின்கீழ், கல்லூரி தங்கள் துறையின்கீழ். ஒவ்வொரு துறையும் தன் பயிற்சிக் கணக்கைத் தனியாக எழுதுகிறது. அலைவது மட்டும் ஒரே பெண்.

எனவே கேட்கிறேன். ஒவ்வோர் அரசுக் கலை அறிவியல் கல்லூரியிலும் ஒரு தொழில் மேசை வையுங்கள். புதுக் கட்டடம் வேண்டாம். எந்தத் திட்டம் யாருக்கு, எந்த ஆய்வகம் எங்கே, எந்தப் பதிவுக்கு எவ்வளவு கட்டணம் என்று தெரிந்த ஒருவர், சம்பளத்தோடு, அதே வேலையாக அங்கே உட்கார வேண்டும். இதைக் கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் கூடுதல் பணியாக ஏற்றிவிடாதீர்கள். அவர்கள் சுமப்பதே அதிகம். மாதத்தில் ஒரு புதன்கிழமை பிற்பகல் தொழில் மைய அலுவலரும், முன்னோடி வங்கி மேலாளரும், உணவுப் பாதுகாப்பு அலுவலரும் கல்லூரிக்கு வரட்டும். மூவரையும் ஒரே அறையில் பார்க்க முடிந்தால் அந்தப் பெண்ணுக்கு நான்கு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாமாண்டு பி.காம். மாணவர்களுக்கு ஒரு தாளை எழுத்துத் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஊரில் உண்மையாகத் தொழில் செய்யும் ஒருவருக்கு, தையல்காரருக்கோ ஆட்டுப்பண்ணைக்காரருக்கோ, ஒரு திட்ட அறிக்கை எழுதட்டும். வங்கி மேலாளர் கேட்பதுபோல் ஆசிரியர் கேள்வி கேட்டு மதிப்பெண் போடட்டும். அந்த அறிக்கை அந்தத் தொழில் செய்பவருக்கே போய்ச் சேர வேண்டும், ஒரு ரூபாய் வாங்காமல்.

மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. கடைவீதிக்காரர்கள் ஜிஎஸ்டி கணக்குப் புரியாமல் மாதாமாதம் அபராதம் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கட்டும். ஊரார் வரிப்பணத்தில் கட்டிய வகுப்பறைகள் அவை.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தாங்கள் கேட்பீர்கள். அறிக்கையை அவளே திரும்ப எழுதினாள். ஐந்து வாரம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து எழுதினாள். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். கடன் கிடைத்தது. இப்போது இரண்டு பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் வந்தவள், தன் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிவந்திருந்தாள், மூன்று ஃபைல்களோடு. எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. என் திண்ணையில் நான்கு பேர்தான் உட்கார முடியும்.

நான் கடைசியாக வேலை பார்த்த கல்லூரியில் தரைத்தளத்தில், நூலகத்தை ஒட்டி, பழைய தட்டச்சு அறை ஒன்று இருக்கிறது. இரண்டு சன்னல்கள், மின்விசிறி ஓடுகிறது, ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் அப்படியே கிடக்கின்றன. சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம் இருக்கிறது. தாங்கள் ஓர் ஆணை பிறப்பித்தால் அடுத்த புதன்கிழமையே திறந்துவிடலாம். ஆள் போடும்வரை, பிற்பகல்களில் நான் வந்து உட்காருகிறேன், ஊதியம் வேண்டாம்.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர் ஒருவர்