அரை நிமிடத்துக்கு முன்பிருந்த வரலாறு

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் ஒரு காணொளித் துண்டு தவறாமல் சுற்றுக்கு வந்துவிடுகிறது. 1974 ஜூன் 22, மேற்கு ஜெர்மனியின் கெல்சன்கிர்ஹென் நகரம். பிரேசிலுக்கும் ஸயீருக்கும் ஆட்டம். கோல் பகுதிக்குச் சற்று வெளியே பிரேசிலுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. ஸயீர் ஆட்டக்காரர்கள் தடுப்புச் சுவராக நிற்கிறார்கள். நடுவர் விசில் ஊதியதும் சுவரிலிருந்து ஒருவர் பிய்த்துக்கொண்டு ஓடிவந்து, பிரேசில்காரர்கள் உதைக்க வேண்டிய பந்தைத் தானே ஓங்கி உதைத்துத் தள்ளுகிறார். பிரேசில் ஆட்டக்காரர்கள் திகைக்கிறார்கள். நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டுகிறார். முழுக் காட்சியும் அரை நிமிடம்கூட இல்லை.

ஓடிவந்தவர் ம்வெப்பு இலுங்கா என்னும் தடுப்பாட்டக்காரர். ஆட்டத்தின் விதிகூடத் தெரியாமல் உலகக் கோப்பைக்கு வந்த ஆப்பிரிக்கர் என்று பல பத்தாண்டுகளாக இந்தக் காட்சிக்கு விளக்கம் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. உலகக் கோப்பையின் வேடிக்கையான தருணங்கள் என்று தொகுக்கிற எவரும் இதை விடுவதில்லை. நாமும் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் கிழித்தெடுத்து அதுதான் கதை என்று யாராவது தந்தால், இலக்கிய வாசகர்களாகிய நாம் ஒப்புக்கொள்வோமா? ஒரு தேசிய அணியின் வரலாற்றுக்கு நேர்ந்திருப்பது ஏறக்குறைய அதுதான்.

அந்த அணி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 1960இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற காங்கோ, அடுத்த ஆண்டே தன் முதல் பிரதமர் பட்ரிஸ் லுமும்பாவைக் கொலைக்குப் பறிகொடுத்தது. 1965 நவம்பரில் ராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். பெல்ஜியத்தின் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்த காங்கோ ஆட்டக்காரர்களை அவருடைய அரசு தாயகத்துக்குத் திரும்ப அழைத்தது. 1968இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், அதற்கு முந்தைய இரண்டு கோப்பைகளையும் வென்றிருந்த கானாவை 1–0 என்று காங்கோ தோற்கடித்தது. லுபும்பாஷி நகரத்தின் எங்கல்பெர் கழகம் 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆப்பிரிக்கக் கழகங்களின் சாம்பியன். 1973இல் அதே பட்டத்தைத் தலைநகர் கின்ஷாசாவின் வீட்டா கழகம் வென்றது. இந்தக் கழகங்கள் வளர்த்த ஆட்டக்காரர்களுக்கு ஃப்ரீ கிக் என்றால் என்னவென்று தெரியாது என்பதை நம்புவதற்குத்தான் உண்மையில் ஓர் அறியாமை வேண்டியிருக்கிறது.

உலகக் கோப்பைக்குள் நுழைவதே அன்றைய ஆப்பிரிக்காவுக்கு எளிதாக இருக்கவில்லை. 1966 போட்டிக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஓர் இடம்தான் என்று சர்வதேசக் கூட்டமைப்பு விதித்தது. கானாவும் எத்தியோப்பியாவும் முன்னின்று எதிர்த்தன. ஆப்பிரிக்க நாடுகள் அந்தப் போட்டியைப் புறக்கணித்தன. அதன் விளைவாகவே 1970 முதல் ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் இடம் உறுதியானது. முதலில் அந்த இடத்தைப் பெற்றது மொராக்கோ. அடுத்த முறை, தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் அதே மொராக்கோவைக் கின்ஷாசாவில் 3–0 என்று வீழ்த்தி ஸயீர் உள்ளே வந்தது. சஹாராவுக்குத் தெற்கிலிருந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் நாடு அதுதான். ஒரு கண்டம் போராடிப் பெற்ற ஒற்றை நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்துத்தான் உலகம் சிரித்தது.

இடையில் நாட்டின் பெயரும் மாறியிருந்தது. 1971இல் காங்கோ ஸயீர் ஆயிற்று. ‘அசல் தன்மை’ என்ற கொள்கையின் பெயரால், குடிமக்கள் தம் கிறித்துவப் பெயர்களைக் கைவிட்டு ஆப்பிரிக்கப் பெயர்களைச் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மொபுட்டுவின் அடையாளம் அவருடைய சிறுத்தைத் தோல் தொப்பி. தேசிய அணிக்கும் சிறுத்தைகள் என்றே பெயர். வெற்றி பெற்றபோது ஆட்டக்காரர்களுக்கு வீடும் காரும் தருவதாக அரசு அறிவித்தது. அணியின் புகழ் ஆட்சியாளரின் புகழாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. வெற்றியை அப்படித் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிற அதிகாரம், தோல்வியை மட்டும் ஆடியவர்களின் தலையில் கட்டிவிடும் என்பதை அறிய அவர்கள் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

1974 மார்ச் மாதம் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அரையிறுதியில் போட்டியை நடத்திய எகிப்துக்கு எதிராக இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த ஸயீர், மீண்டெழுந்து 3–2 என்று வென்றது. ஸாம்பியாவுடனான இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பின்னும் 2–2 என்று சமனில் முடிந்தது. இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆடினார்கள். இம்முறை 2–0. இந்த இரண்டு ஆட்டங்களிலும் ஸயீர் அடித்த நான்கு கோல்களும் ஒருவரே அடித்தவை. அவர் பெயர் ந்டாயே முலாம்பா. அந்தப் போட்டித் தொடரில் அவர் அடித்தவை மொத்தம் 9 கோல்கள். ஒரே ஆப்பிரிக்கக் கோப்பையில் வேறெவரும் அத்தனை கோல்கள் அடித்ததில்லை. கெல்சன்கிர்ஹெனில் உலகம் சிரிப்பதற்கு மூன்று மாதங்கள் முன்புதான் இது நடந்தது.

ஜெர்மனியில் முதல் ஆட்டம் ஸ்காட்லாந்துடன். ஸயீர் 0–2 என்று தோற்றாலும் கௌரவமாகவே ஆடியது. அந்தப் பிரிவின் முடிவே அந்த இரண்டு கோல்களால்தான் தீர்மானமாயிற்று. யுகோஸ்லாவியா, பிரேசில், ஸ்காட்லாந்து மூன்றும் சம புள்ளிகளில் நின்றபோது, ஸயீருக்கு எதிராக மேலும் கோல் அடிக்க முடியாமல் போன ஸ்காட்லாந்து ஓர் ஆட்டத்திலும் தோற்காமலேயே வெளியேறியது. ஆனால் முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஸயீர் ஆட்டக்காரர்களுக்கு வேறொரு செய்தி எட்டியது. அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருந்த பணம் வரப்போவதில்லை. இனி ஆட மாட்டோம் என்று முதலில் மறுத்தார்கள். பிறகு இணங்க வைக்கப்பட்டார்கள்.

அந்த மனநிலையில் ஆடப்பட்டதுதான் யுகோஸ்லாவியாவுடனான ஆட்டம். முதல் மூன்று கோல்கள் விழுந்ததும், ஆட்டம் தொடங்கி 25 நிமிடங்கள்கூட ஆகாத நிலையில், கோல்காப்பாளர் கஸாடி வெளியே அழைக்கப்பட்டு மாற்றுக் கோல்காப்பாளர் இறக்கப்பட்டார். பயிற்சியாளர் விடினிச் யுகோஸ்லாவியர் என்பதால் அவர்மீது சந்தேகம் எழுந்தது. மேலிடத்து அதிகாரியின் குறுக்கீடே காரணம் என்ற பேச்சும் பின்னர் வந்தது. அதைவிட விசித்திரமான ஒன்றும் நடந்தது. ஆட்சேபித்துச் சூழ்ந்துகொண்டவர்களில் நடுவரை உதைத்தவர் ம்வெப்பு இலுங்கா. சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டதோ ந்டாயே முலாம்பா. மூன்று மாதங்களுக்கு முன் ஆப்பிரிக்காவின் மிகச் சிறந்த கோல் வேட்டைக்காரராக இருந்தவரின் முகத்தை நடுவரால் இன்னொருவரின் முகத்திலிருந்து பிரித்தறிய இயலவில்லை. ஆட்டம் 0–9 என்று முடிந்தது. அறியாமையைப் பற்றிப் பேசுவதென்றால், இந்த அறியாமையையும் கணக்கில் சேர்த்தே பேச வேண்டும்.

அதற்குப் பிறகே பிரேசில் ஆட்டம். மொபுட்டுவின் மெய்க்காவலர்கள் விடுதிக்கு வந்து, பத்திரிகையாளர்களை வெளியே நிறுத்திவிட்டு, நான்கு கோல்கள் வாங்கித் தோற்றால் ஒருவரும் நாடு திரும்ப முடியாது என்று மிரட்டியதாக ம்வெப்பு இலுங்கா பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். பிரேசிலுக்கோ அடுத்த சுற்றுக்குப் போக மூன்று கோல்கள் வேண்டும். ஆட்டம் 0–3 என்று முடிந்தது. அந்த உதையைப் பற்றி அவர் தந்த விளக்கங்கள் எப்போதும் ஒன்றுபோல் இருக்கவில்லை. விதிகள் தமக்கு நன்றாகத் தெரியும் என்றார். பணத்தை அனுபவிக்கப்போகிறவர்கள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கையில் தாம் ஏன் அடிபட வேண்டும் என்ற கோபத்தில், வெளியேற்றப்படுவதற்காகவே உதைத்ததாக ஒருமுறை சொன்னார். நேரத்தைக் கடத்த வேண்டியிருந்தது என்ற பொருளிலும் பேசியிருக்கிறார்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பழைய கேலியை மறுக்க வந்தவர்கள் இன்று ஒரு புதிய கதையைச் சொல்கிறார்கள். கொடுங்கோலனுக்கு அஞ்சி நடுங்கிய பாவப்பட்ட மனிதர்கள் என்பது அந்தக் கதை. கேலியைவிட இது நியாயமானது, பெருமளவு உண்மையும்கூட. ஆனாலும் இது அந்த மனிதர்களை இன்னொரு விதத்தில் சிறுக்க வைக்கிறது. கோமாளிகளாக இருந்தவர்கள் இப்போது பலியாடுகள் ஆகிறார்கள். இரண்டு கதைகளும் அதே அரை நிமிடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டிலும் அவர்கள் ஆட்டக்காரர்களாக இல்லை. எகிப்துக்கு எதிராக மீண்டெழுந்த அரையிறுதிக்கு இரண்டிலுமே இடம் கிடையாது.

ஒருவர் தன் செயலுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்கள் சொல்வதைப் பொய் என்று தள்ளுவதற்கும் நாம் அவசரப்பட வேண்டியதில்லை. கோபம், களைப்பு, அச்சம், மானம் எல்லாம் ஒரே கணத்தில் காலில் இறங்கியிருக்கலாம். அதைப் பிற்பாடு ஒற்றைக் காரணமாகப் பிரித்துத் தரும்படி உலகம்தான் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. ம்வெப்பு இலுங்கா 2015இல் இறந்தபோதும் செய்திகள் அந்த உதையிலிருந்தே தொடங்கின. இருமுறை ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற நாட்டின் தடுப்பாட்டக்காரர் என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது.

உலகக் கோப்பை முடிந்து நான்கு மாதங்களில், 1974 அக்டோபர் 30 அன்று, கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் குத்துச்சண்டை மேடையில் ஏறினார்கள். ஆளுக்கு 50 லட்சம் டாலர். தன் சொந்த ஆட்டக்காரர்களுக்குச் சொன்ன பணத்தைக் கொடுக்காத அரசுதான் இதற்கு முன்வந்து நின்றது. உலகத்தின் கண்ணை ஈர்க்க வேறொரு காட்சி கிடைத்துவிட்டதால் சிறுத்தைகள் தேவையற்றுப் போனார்கள். அந்த நூற்றாண்டின் எஞ்சிய ஆண்டுகளில் அந்த நாடு உலகக் கோப்பையை மீண்டும் எட்டவேயில்லை.

ந்டாயே முலாம்பாவின் பிற்காலம் இதைவிடக் கசப்பானது. 1994இல் துனிசியாவில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைக் கௌரவித்தது. நாடு திரும்பிய பின் கொள்ளையர்கள் அவரைக் காலில் சுட்டார்கள். அகதியாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க் கேப்டவுனில் வறுமையில் வாழ்ந்தார். 1998இல் புர்கினா ஃபாஸோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில், அவர் இறந்துவிட்டார் என்ற தவறான செய்தியை நம்பி ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அவருடைய நாடு அந்தத் தொடரில் மூன்றாம் இடம் பெற்றது. அஞ்சலி பெற்றவரோ உயிரோடு வேறொரு நாட்டில் யாருக்கும் தெரியாதவராக இருந்தார். உண்மையில் அவர் இறந்தது 2019 ஜனவரியில். ஒரு முறை வேறொருவருக்காக வெளியேற்றப்பட்டவர், இன்னொரு முறை சாகாமலேயே இறந்தவராக்கப்பட்டார்.

ஆப்பிரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது குறைவு. எழுதப்படும்போதும் வேடிக்கையும் பரிதாபமும்தான் மேலோங்குகின்றன. இரண்டுமே வாசிப்பவருக்கு வசதியானவை, எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளச் சொல்லி வற்புறுத்துவதில்லை. நாம் கேட்பது பெரிய திருத்தம் ஒன்றுமில்லை. அந்த அணியின் கதையைச் சொல்கிறவர்கள் கெல்சன்கிர்ஹெனில் தொடங்க வேண்டாம், அடிஸ் அபாபாவிலிருந்து தொடங்கி எகிப்து வழியாக வரட்டும். அப்படி வந்து சேரும்போது, சுவரிலிருந்து ஓடிவருகிறவர் விதி தெரியாத அந்நியராக இருக்க மாட்டார். பணம் மறுக்கப்பட்ட, மிரட்டப்பட்ட, அதற்கெல்லாம் முன்பே ஒரு கண்டத்தின் சாம்பியனாக இருந்த மனிதராக இருப்பார். அதற்குப் பிறகும் யாருக்காவது சிரிப்பு வந்தால், அது அவரைப் பார்த்து வருகிற சிரிப்பாக இருக்க முடியாது.