"கேஸ் கம்மியா இருக்கு சார்"

மே மாதம் வந்தால் சென்னையில் நிறைய வீடுகளில் ஒரே காட்சிதான். ஸ்பிளிட் ஏ.சி.க்கு அடியில் ஒரு பக்கெட், அதில் சொட்டு சொட்டாகத் தண்ணீர். போன் பண்ணினால் ஒருவர் வருவார். மூடியைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார்: "கேஸ் கம்மியா இருக்கு சார்."

இந்த ஒற்றை வசனத்தின் மேல்தான் எனக்குக் கோபம். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சமாச்சாரம் அது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் ரொப்புவது, பொத்தல் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ளணும். கேஸ் குறைந்தால் காயிலில் ஐஸ் கட்டும், அது உருகும்போது தண்ணீர் வழியும். ஆனால் அப்போது ரூம் சரியாகக் குளிராதே! ரூம் ஜில்லென்று இருக்கிறது, தண்ணீரும் சொட்டுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது காயிலுக்குக் கீழே இருக்கும் ட்ரேயைத்தான்.

கடற்கரை ஊரின் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் பிழியும். அத்தனையும் அந்த ட்ரேயில் விழுந்து, விரல் பருமன் பைப் வழியாக வெளியே போகணும். கூடவே நம் வீட்டுத் தூசி, தோல் துகள், சமையல் எண்ணெய்ப் புகை எல்லாம் ட்ரேயில் சேரும். இருட்டு, ஈரம், சாப்பாடு. பாக்டீரியாவும் பூஞ்சையும் குடும்பம் நடத்த வேறென்ன வேண்டும்? சளி மாதிரி கொழகொழவென்று படர்ந்து பைப் வாயை அடைத்துவிடும். எல்லோரும் இதைப் பாசி என்கிறார்கள். வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி எப்படி வளரும்? சரி, பெயரா முக்கியம்.

முக்கியம் என்னவென்றால், பல மாடல்களில் இந்த ட்ரேயை நாம் கழற்றவே முடியாது. யூனிட்டின் உடம்போடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். பின்பக்கத்தைச் சுத்தம் செய்யக் காயிலையே தூக்கணும். ஆனால் ரிமோட்டில் மட்டும் 'ஆட்டோ கிளீன்' பட்டன் இருக்கும்! அது பெரும்பாலும் ஃபேனை ஓட்டிக் காயிலைக் காய வைக்கும், அவ்வளவுதான். ட்ரேயில் ஏற்கெனவே படிந்ததை அது ஒன்றும் செய்யாது.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் ஒரு சின்னப் பாடம் :-) வாங்கிய பிறகும் தேவைப்பட்டதா இல்லையா என்று வாங்கியவருக்கே தெரியாத சேவைக்கு 'கிரெடன்ஸ் குட்' என்று பெயர். டார்பி, கார்னி என்ற இருவர் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே 'மோசடியின் உகந்த அளவு' என்று வரும். கேஸ் ஃபில்லிங் அதற்கு அச்சு அசல் உதாரணம். போகிற போக்கில் அவர் பைப்பையும் ஊதிவிடுவார், சொட்டு நிற்கும், நாம் கேஸுக்குக் காசு கொடுத்துவிட்டு நன்றியும் சொல்வோம்.

இன்னொரு கூட்டம் பயம் காட்டி விற்கிறது. "லீஜனேர் காய்ச்சல் வரும் சார்!" அந்த நோய் 1976-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டிலிருந்து வெளியே தெரிந்தது. சந்தேகம் விழுந்தது கட்டடத்தின் கூலிங் டவர் மேல், படுக்கையறை ட்ரே மேல் அல்ல. நம் ட்ரேயால் துர்நாற்றம் வரும், பூஞ்சை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மல் வரும், சுவர் ஊறும். இதுவே போதாதா, பூச்சாண்டி எதற்கு?

ஆனால் நிஜமாகவே பயப்பட வேண்டியது பாத்ரூம் ஆசிட்டுக்கு. அடைப்பு போகும் என்று அதை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காயிலின் தகடு அலுமினியம், அரித்துவிடும். ப்ளீச்சும் அரிக்கும். இரண்டையும் கலந்தாலோ வருவது குளோரின் வாயு. ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தாலும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது ரொம்ப சாதாரணம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியே இருக்கும் பைப் முனையிலிருந்து ஈரம் இழுக்கும் வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். உள்ளே பார்த்து ஊதினால் அந்தக் கொழகொழ மொத்தமும் ரூமுக்குள் வரும். பிறகு வினிகர் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ட்ரேயில் விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். எலக்ட்ரிக் போர்டு இருக்கும் பக்கம் மட்டும் ஜாக்கிரதை. பைப் முனை பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கவும் கூடாது, காற்று அடைத்துத் தண்ணீர் திரும்பி நிற்கும். சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவினால் ட்ரேக்குப் போகும் தீனியும் குறையும்.

2010-ல் ஸ்டார் லேபிளைக் கட்டாயமாக்கியவர்கள், 2020 ஜனவரியிலிருந்து ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்கணும் என்று சொன்னவர்கள், ட்ரேயை வீட்டுக்காரர் கழற்றும்படி செய் என்று சொல்ல முடியாதா? நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' தளத்தைத் திறந்தது. அந்த உரிமை இந்தப் பிளாஸ்டிக்குக்குள் நுழையக் காணோம். 2025 செப்டம்பரில் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. இன்னும் நிறைய வீடுகளுக்கு ஏ.சி. வரும், கூடவே அந்தப் பக்கெட்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். கேஸ் போட்டேன் என்றால், ஓட்டை எங்கே இருந்தது, எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பது அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரிலேயே அச்சாகி இருக்கும்.