ஸ்பிரிங்கை வெட்டாதீங்கப்பா!

பழைய போர்டு ஐகான் ஒண்ணு கைக்கு வந்ததும் நம்ம பசங்க செய்யற முதல் வேலை என்ன? டயர் பார்க்கறதா? பிரேக் பார்க்கறதா? ம்ஹூம்... நேரா பட்டறைக்குப் போய் ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டச் சொல்றதுதான். கார் ரெண்டு விரக்கடை இறங்கும். போட்டோவுல ரேஸ் கார் மாதிரி தெரியும். காசு கொடுத்துக் காரைக் கெடுத்துக்கறதுக்குப் பேரு 'சஸ்பென்ஷன் அப்கிரேடு'!

ஐகான் சாதாரண கார் இல்லை. ஒரகடத்துக்குப் பக்கத்துல மறைமலை நகர்ல, இந்தியாவுக்குன்னே போர்டு தயாரிச்ச கார். 1999-ல வந்தது, 2011 வரைக்கும் ஓடுச்சு. 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம் பண்ணினாங்க. 1.6 ராக்கம் இன்ஜினும் வளைவுல அது திரும்பற அழகும்தான் இன்னிக்கும் அதுக்கு ரசிகர்களை வெச்சிருக்கு. அந்த அழகைத்தான் கட்டர் வெச்சு அறுக்கறாங்க.

கொஞ்சம் கணக்கு. ஸ்பிரிங்ல வேலை செய்யற சுத்து ஆறுன்னு வெச்சுப்போம். ஒண்ணை வெட்டினா மீதி ஐந்து. சுத்து குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும், அதாவது 6/5, 20 சதவீதம் அதிக விறைப்பு. ஆனா ஷாக் அப்சார்பர் பழசுதான்! ஸ்பிரிங் துள்ளுவதை அடக்க வேண்டியது அதன் வேலை. பதினைந்து, இருபது வருஷம் உழைச்ச ஷாக் பழைய ஸ்பிரிங்கையே அடக்க முடியாம தவிக்குது. இதுல புதுச் சுமை வேறயா?

இன்னும் இருக்கு. கார் இறங்கினதும் முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற லோயர் ஆர்மோட கோணம் மாறிடும். கார் எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ, அந்தப் புள்ளி காரை விட அதிகமா இறங்கிடும். விளைவு? சாய்வு குறையணும்னு இறக்கின கார், சாயறதுக்கு இன்னும் துடிக்கும். பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவலாம். கேஸ் கட்டர்ல வெட்டினா சூட்டுல ஸ்டீலோட பதமே போச்சு.

"ரேஸ்காரங்களும் இறக்கித்தானே ஓட்டறாங்க?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். இருங்காட்டுக்கோட்டையில 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கு, 3.7 கிலோமீட்டர். அங்கே வேகத்தடை கிடையாது, எதிர்ல கன்டெய்னர் லாரி கிடையாது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியா தேர்ந்தெடுத்து மாட்டறாங்க. டிராக்கை விட்டு வெளியே வந்து வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுக்குப் போங்க. ஷிப்ட் முடிஞ்சு டூவீலர்ல வீடு திரும்பற ஜனம், நடு ரோட்டுல பள்ளம், அதைத் தாண்டினதும் லாரி. உங்க கார் ஒரு துள்ளு துள்ளி அரை அடி விலகினா, அந்த அரை அடியில யார் இருப்பாங்க?

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் குறிச்ச விவரத்திலிருந்து விலகற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு.

அப்போ பழைய காருக்கு என்னதான் பண்றது? முதல்ல நல்ல டயர். அப்புறம் வெடிச்சுப் போன ரப்பர் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், பம்ப் ஸ்டாப் எல்லாத்தையும் மாத்துங்க. நாலு ஷாக்கும் புதுசு, குறைஞ்சது ஜோடி ஜோடியா. கடைசியில வீல் அலைன்மென்ட். அவ்வளவுதான்! போட்டோவுல ஒரு வித்தியாசமும் தெரியாது. முதல் வளைவுல ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கிற கைக்குத் தெரியும்.

ஒரகடத்துல வண்டிகளைச் சோதிக்கிறதுக்கே ஜிஏஆர்சின்னு ஒரு மையம் இருக்கு. சுத்தி எத்தனையோ ஆலைகள்ல மில்லிமீட்டர் பிசகாம பாகம் செய்யறாங்க. அந்த ஊர்ல, அளவே எடுக்காம "ஒரு சுத்து எடுத்துடு அண்ணே"ன்னு கட்டரை நீட்டறது... கொஞ்சம் வெட்கமா இல்லையா?