‘சும்மா பார்க்கலாம்’ என்போருக்கு

பத்தாம் தர மாணவருக்கு ‘நான் பார்த்த திரைப்படம்’ என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதுமாறு கூறியிருந்தேன். நுவரெலியா மாவட்டத்திலுள்ள தோட்டப்புறப் பாடசாலையொன்றின் வகுப்பு அது. வந்து சேர்ந்தவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தெடுக்கப்பட்டவை போன்றிருந்தன. கதை நன்று, பாடல்கள் நன்று, சண்டைக் காட்சிகள் மிக நன்று, குடும்பத்தோடு பார்க்கலாம். ஒரு மாணவி மட்டும் பாடற் காட்சியொன்றைப் பற்றிச் சில வரிகள் கூடுதலாக எழுதியிருந்தாள்: “பாட்டில் தேயிலைத் தோட்டம் வந்தது. மிகவும் அழகாக இருந்தது. ஆனால் கொழுந்து எடுப்பதற்கு ஒருவரும் இல்லை. அன்று விடுமுறையாக இருக்கும்.”

அவளுடைய தாய் கொழுந்து எடுக்கும் தொழிலாளி. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றைத் திருத்துவதற்கு எனக்கு அருகதை இருக்கவில்லை. காரணத்தைக் கூறுகிறேன்.

அதற்கு முந்திய போயா தினத்தன்று ஆசிரியர் விடுதியில் நாங்கள் ஐவர் கூடியிருந்து படம் பார்த்தோம். பாலாவின் நெறியாள்கையில் 2013 இல் வெளிவந்த ‘பரதேசி’யை முதலிற் போட்டோம். கிராமத்துக் காட்சிகள் ஓடியவரை சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. கங்காணியின் பின்னே நாட்கணக்காக நடந்து, வழியில் வீழ்ந்தவனை வீழ்ந்த இடத்திலேயே கைவிட்டு, அம்மக்கள் தோட்டத்தை அடைந்தபோது நண்பரொருவர், “மச்சான், இதை மாத்து. லீவு நாளிலை ஏன் இருந்து அழுவான்?” என்றார். மாற்றினோம். அடுத்த படத்திலே காதலர் இருவர் தேயிலைச் செடிகளுக்கிடையே ஆடிக்கொண்டிருந்தனர். “இது பரவாயில்லை, சும்மா பார்க்கலாம்” என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. விடுதியின் யன்னலுக்கு வெளியே கிடந்ததும் தேயிலை மலைதான். ஐவரும் பட்டதாரிகள். இரண்டு படங்களிலும் வந்தது ஒரே செடி என்பதும், ஒன்றில் மனிதர் இருந்தனர், மற்றையதில் இல்லை என்பதும் எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பதினைந்து வயதுச் சிறுமிக்குத் தோன்றிற்று.

இக்கட்டுரை அந்த நண்பரை எதிர்த்து எழுதப்படுவதன்று. படங்களை எதிர்த்தும் அன்று. ‘சும்மா பார்க்கலாம்’ என்ற அந்தத் தீர்ப்பினை எதிர்த்தே எழுதப்படுகிறது. ஏனெனில், அது ‘சும்மா’ கூறப்படும் வார்த்தையன்று. அதனுள்ளே ஒரு முழுமையான தத்துவம் ஒளிந்திருக்கிறது.

முதலாவது மறுப்பு உடனே வரும்: “நாள் முழுதும் உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டாமா? பொழுதுபோக்கிலும் வர்க்கப் போராட்டத்தைத் தேடலாமா?” ஓய்வு வேண்டும் என்பதில் நமக்கு எவ்விதக் கருத்து வேறுபாடும் இல்லை. எட்டு மணிநேர வேலைக்காக 1886 இல் சிக்காகோவிலே தொழிலாளர் குருதி சிந்தியது, எஞ்சிய பொழுது தமக்கு உரியதாக வேண்டும் என்பதற்காகவே. ஆனால் அவ்வாறு வென்றெடுத்த பொழுது இன்று எவருக்கு உரியதாக இருக்கிறது என்பதே கேள்வி. உழைப்பை விலைக்கு வாங்கியவன் ஓய்வையும் விலைக்கு வாங்கிவிட்டால் எட்டு மணிநேரம் எங்கே மிஞ்சும்? இன்னுமொன்று. ‘லீவு நாளிலை ஏன் அழுவான்?’ என்று கேட்டவர் தோட்டத் தொழிலாளியல்லர். மாதச் சம்பளம் பெறும் நம்மவர். உழைப்பாளியின் களைப்பைக் காட்டி உழைப்பாளியின் கதையையே அணைத்துவிடுகிறோம். இதனை ஓய்வு என்று கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நாகரிகமானது: “ரசனை அவரவர்க்கு உரியது, அதில் தலையிட நீர் யார்?” நன்று. ரசனை அவரவர்க்கு உரியதாயின் நம்முடைய தீர்ப்புகள் யாவும் ஏன் ஒரே சொற்களால் ஆகியிருக்கின்றன? ‘சும்மா பார்க்கலாம்’, ‘இழுவை’, ‘சோகப் படம்’, ‘செம’ என்னும் நான்கு சொற்களுக்குள் நமது கலை விமர்சனம் முழுவதும் அடங்கிவிடுகின்றது. எனது மாணவர் நாற்பது பேரும் ஒரே கட்டுரையை எழுதியது அவர்களுடைய தனித்துவத்தினாலன்று. விளம்பரம் எதைச் சொல்லிற்றோ அதையே அவர்கள் எழுதினார்கள். அவர்களுடைய ஆசிரியர்களாகிய நாமும் அதையே பேசினோம். ரசனை பிறவியில் வருவதன்று. அது சமூகத்தால் ஆக்கப்படுவது. ஆக்கப்படுவதாயின், அதனை ஆக்குவோர் யார் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

நமது நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1956 இல் வெளிவந்தபோது வசூலிலே தோற்றது. தென்னிந்தியச் சினிமாவின் அச்சிலே வார்க்கப்பட்ட படங்களுக்குப் பழகிய கண்களுக்கு அது அந்நியமாக இருந்தது. ஆனால் சிங்களப் படிப்பாளிகள் அதனை அத்தோடு விட்டுவிடவில்லை; எழுதினார்கள், வாதிட்டார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி அதே நெறியாளர் ஆக்கிய ‘கம்பெரலிய’ 1965 இல் புதுடில்லித் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருதினைப் பெற்றது. ஒரு நல்ல படத்துக்கு அதைப்பற்றிப் பேசும் ஒரு கூட்டமும் தேவை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நாம் என்ன செய்தோம்? 1963 இல் ‘தோட்டக்காரி’ வந்தது. தோட்டத்துப் பெண்ணைத் தன் பெயரிலேயே தாங்கி வந்த படம் அது. 1972 இல் ‘குத்துவிளக்கு’ வந்தது. சீதனத்தையும் சாதியையும் நேர்நின்று பேசிய ‘பொன்மணி’யை 1977 இல் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்கள நெறியாளர் நமக்கு எடுத்துத் தந்தார். அதுவும் வசூலிலே தோற்றது. நமது வாழ்வை நமது மண்ணிலே, நமது பேச்சிலே காட்டிய படங்களை நாம் தென்னிந்தியப் படங்களின் பளபளப்போடு ஒப்பிட்டு ‘இழுவை’ என்று தள்ளினோம். பழியெல்லாம் பார்வையாளனுக்கே உரியதென்று நான் கூறவில்லை. பெரும் மூலதனத்தோடு போட்டியிட்ட சிறு முயற்சிகள் அவை. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ இனவெறியரின் தீக்கு இரையாயிற்று. அதன் பின் யுத்தம் வந்தது. தீயையும் யுத்தத்தையும் மறந்து ரசிகன்மீது மட்டும் குற்றஞ் சாட்டுவது அநீதி. ஆயினும் தீ மூள்வதற்கு முன்னரே நம்முடைய ஏளனம் அப்படங்களைப் பாதி கொன்றிருந்தது என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

இங்கே நமது முகாமிலுள்ள சிலர் மகிழ்ச்சியோடு தலையசைப்பர். “சரிதான், இந்த வணிகப் படங்கள் எல்லாமே குப்பை, நாங்கள் அவற்றைப் பார்ப்பதேயில்லை” என்பர். அவர்களோடும் நமக்கு வழக்குண்டு. ‘குப்பை’ என்பதும் ‘சும்மா பார்க்கலாம்’ என்பதன் உடன்பிறப்புத்தான். இரண்டும் ஆராய மறுப்பவை. முன்னையது சோம்பலினால் மறுக்கிறது. பின்னையது செருக்கினால் மறுக்கிறது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் தமிழ்ச் சினிமாவை ஓர் அரசியற் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து நூலெழுதினார். தமிழர் யாவரும் சாதி பாராது ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது அரங்கு சினிமாக் கொட்டகையே என்று அவர் எடுத்துக் காட்டினார். கோயில் வாசலிலே தடுக்கப்பட்டவன் காசு கொடுத்து நுழையக் கூடியதாக இருந்த அரங்கினை ‘குப்பை’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது முற்போக்காகாது. மக்கள் கூடுமிடத்தை விட்டு விலகி நின்று மக்கள் கலையைப் பேசுவது எங்ஙனம்?

சிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000 ஆம் ஆண்டில் வந்த ‘தெனாலி’யை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தேன். எதற்கெடுத்தாலும் அஞ்சி நடுங்கும் ஈழத்து அகதியொருவன் அதன் நாயகன். பெரிய நடிகரொருவர் நம்முடைய பேச்சைப் பேசுகிறார் என்ற பெருமிதத்தோடு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் வீடுகளில் அந்தப் பயம் மெய்யாகவே இருந்தது. அதே பயம் திரையில் நகைச்சுவையாக வந்தபோது, எங்களை நாங்களே வேடிக்கை பார்த்தோம். நம்முடைய பேச்சு ஏன் சிரிப்பூட்டுவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறது என்று அன்று எவரும் கேட்கவில்லை. சிரித்தது பிழையன்று. சிரித்து முடிந்த பின்னரும் கேளாதிருந்ததே பிழை.

இன்று நிலைமை இன்னும் நுட்பமாகிவிட்டது. முன்பு தியேட்டருக்குப் போனவன் திரும்பும் வழியிலே நண்பனோடு பேசிக்கொண்டு நடந்தான். அந்த நடையிலே ஒரு விமர்சனம் பிறப்பதற்கு இடமிருந்தது. இன்று கைத்தொலைபேசியில் ஒரு படம் முடியுமுன்னரே அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. எதைப் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பதெல்லாம் கணக்கிடப்பட்டு, அதற்கேற்ப அடுத்த சரக்கு நம்முன் வைக்கப்படுகிறது. நாங்கள் ‘பரதேசி’யைப் பாதியில் நிறுத்தியதும் எங்கேயோ ஒரு கணக்கில் ஏறியிருக்கும். வாயால் நாம் கூறும் தீர்ப்பு காற்றோடு போகலாம். விரலால் நாம் கூறும் தீர்ப்பு வியாபாரியின் கையில் ஆவணமாகிறது. ‘சும்மா’ பார்ப்பவன் உண்மையில் அவனுக்குக் கூலியில்லாத வேலையாள்.

ஆகவே செய்யவேண்டியது யாது? படம் பார்ப்பதை விடுமாறு நான் கூறவில்லை. நண்பரோடு கூடியிருந்து பார்ப்பதே நல்லது. பார்த்த பின் அரை மணிநேரம் பேசுவோம். பெரிய கோட்பாடுகள் வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும். இந்தக் காட்சியில் இருக்கவேண்டிய எவர் இங்கே இல்லை? நாம் எவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? ஈற்றிலே துன்பத்தைத் தீர்ப்பது எவருடைய கை: தனியொரு வீரனுடையதா, மக்களுடையதா? இக்கேள்விகளை வணிகப் படத்திடமும் கேட்போம்; நாம் போற்றும் படத்திடமும் தயங்காது கேட்போம்.

சென்ற வாரம் நாங்கள் ஐவரும் ‘பரதேசி’யை மீண்டும் போட்டு இறுதிவரை பார்த்தோம். அம்மாணவியின் வரிகளை முதலில் வாசித்துக் காட்டினேன். எவரும் படத்தை மாற்றச் சொல்லவில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வெளிவந்த நாவலே அப்படத்தின் அடிப்படை. தொழிலாளரின் பக்கம் நின்ற மருத்துவர் ஒருவரின் நூலிலிருந்து எடுத்த படத்திலே, மருத்துவர் மதம் மாற்றும் கோமாளியாகத் திரிக்கப்பட்டிருப்பது ஏன் என்று, அன்று ‘மாத்து’ என்று கூறிய அதே நண்பர் கேட்டார். அதன் பின் வாதம் நள்ளிரவுவரை நீண்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மலைகளின் மக்களைக் குடிமக்கள் பட்டியலிலிருந்து அழித்ததையும், ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை 2021 இல் எட்டுவதற்கு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராட நேர்ந்ததையும் பேசினோம். அன்றைய இரவும் எங்களுக்கு நல்ல பொழுதாகவே போயிற்று என்பதைப் பொழுதுபோக்கின் காவலர்கள் கவனிப்பார்களாக.

அம்மாணவியின் கட்டுரையில் நான் எதையும் திருத்தவில்லை. அதனை வகுப்பிலே உரத்து வாசிக்கச் செய்தேன். “அன்று விடுமுறையாக இருக்கும்” என்ற இடத்தில் வகுப்பு முழுவதும் சிரித்தது. பிறகு பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து, “சார், லீவு நாள்னா கூட யாராவது விறகு பொறுக்க வருவாங்களே?” என்றான். நமது ஆசிரியர்கள் தொடங்கவேண்டிய விமர்சனத்தை அவர்கள் தொடங்கிவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்வதா, ‘சும்மா’ இருந்துவிடுவதா என்பதை இனி நாம் முடிவு செய்யவேண்டும்.