சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு?

"எழுத்தில் வாங்காமல் இருந்த வேலையை விட்டது உம்முடைய பிழை" என்று உபதேசிப்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். நம்மிடம் கல்வி கற்ற இளைஞர் ஒருவருக்கும் அண்மையில் இந்த உபதேசமே கிடைத்தது. கொழும்பில் ஒரு நிறுவனத்தார் அவரை நேரில் கண்டு, சம்பளமும் பேசி, "முதலாம் திகதி வந்துவிடும்" என்றனர். அவர் தாம் பார்த்துவந்த கணக்கெழுதும் வேலையைத் துறந்தார். அறை வாடகைக்கு முற்பணமும் கட்டினார். முதலாம் திகதி சென்றபோது, "இப்போது ஆள் தேவையில்லை" என்பதே பதிலாயிற்று.

சொல்லை மீறியவர் முதலாளி. பழி விழுந்ததோ நம்பியவர்மேல். இஃது யாருடைய நியாயம்?

சட்டத்தின் நியாயமன்று என்பதை முதலிற் கூறுவோம். காணி விற்பதாயின் எழுத்தும் நொத்தாரிசும் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் விதிக்கிறது. உழைப்பை விற்பதற்கு அத்தகைய விதி இல்லை. நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை உரோம-டச்சுச் சட்டம். தக்க காரணத்தோடு மனமறிந்து கொடுத்த வாக்கு, ஈடாக எதுவும் பெறாதபோதும், கொடுத்தவரைக் கட்டும் என்பதை 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் பிரிவிக் கவுன்சிலே ஏற்றுக்கொண்டது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும் வாய்மொழியாக ஒப்பந்தம் செய்தவரைத் தொழிலாளி என்றே வரையறுக்கிறது.

எழுதித் தரும் கடமைதான் யாருடையது? கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரும் பொறுப்பை முதலாளிமீதே சுமத்தியுள்ளது. அதுவும் வேலைக்கு அமர்த்தும் நாளில். அந்நாளுக்கு முன் கையிற் கடிதம் இல்லாமை தொழிலாளியின் குற்றம் ஆவதெங்ஙனம்?

ஆயினும், சட்டம் ஏழையின் தோழன் என்று நாம் மயங்கவும் கூடாது. 1957ஆம் ஆண்டின் திருத்தத்தாற் பிறந்த தொழில் நியாய சபை, சேவை நிறுத்தப்பட்டவர்க்கு நிவாரணம் அளிப்பது. "தொடங்காத சேவையை நிறுத்துவது எப்படி?" என்று முதலாளியின் வழக்கறிஞர் வினவுவார். எஞ்சுவது குடியியல் நீதிமன்றம். அங்கே எதிர்பார்க்கக்கூடியது வேலையன்று, நட்டஈடே. இழந்த சம்பளத்தையும் கட்டிய முற்பணத்தையும் காட்டி வழக்காடலாம். அதற்கும் காலவெல்லை உண்டு: எழுத்து ஒப்பந்தமாயின் 6 ஆண்டுகள், வாய்மொழியாயின் 3 ஆண்டுகளே.

வேலையற்றவர் எத்தனை காலம் வழக்காடுவார்? முதலாளிக்கோ காத்திருப்பதில் நட்டமில்லை. ஆகவேதான் வாக்கை மீறுதல் அவருக்கு மலிவாயிற்று. வேலை தொடங்குமுன் கைவிடப்பட்டவரும் தொழில் நியாய சபையை நாடலாமெனச் சட்டம் ஐயமறத் திருத்தப்படல் வேண்டும். தொழிற்சங்கங்கள் இதனைத் தம் கோரிக்கையாக்குக. வேலையில் இருப்போருக்கு மட்டுமே சங்கம் என்ற குறுகிய எண்ணம் ஒழிக.

அதுவரை நாம் வாளாவிருப்பதா? ஆசிரியராகிய நாம் "கனம் ஐயா" என்று தொடங்கும் விண்ணப்பங்களையே மாணவர்க்குப் பழக்குகிறோம். இன்னொரு கடிதத்தையும் பழக்குவோம்: "இன்ன திகதி முதல், இன்ன சம்பளத்தில், இன்ன வேலை தருவதாகக் கூறினீர்கள், நான் அதனை ஏற்றுக்கொள்கிறேன்." வேலையை ஒப்புக்கொண்ட அன்றே, பழைய வேலையை விடுமுன்பே, இதனை அனுப்புதல் வேண்டும். கைத்தொலைபேசிச் செய்தியாக அனுப்பினும் தகும். மின்வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்தால் அதனைத் தள்ள முடியாதென்கிறது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். உடனிருந்து கேட்டவரின் சாட்சியமும் சான்றே. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கைவிடப்பட்ட இளைஞரைப் பார்த்து "உம்முடைய பிழை" என்று இனிச் சொல்லோம். வாக்குத் தந்தவர் யார் என்று கேட்போம். அந்த வாக்குக்கு அவரிடமே கணக்குக் கேட்போம்.