பார்பரா அலன் செய்த குற்றம் என்ன?

ஒருவரைக் குற்றவாளியெனத் தீர்க்குமுன் இரு பக்கத்தாரின் சொல்லையும் கேட்டல் முறையன்றோ? ஆயினும் பிரித்தானிய நாட்டார் கதைப்பாடல் ஒன்றிலே, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண் கொடியவள் என்னும் பழியைச் சுமந்து நிற்கின்றாள். அவள் பெயர் பார்பரா அலன்.

கதை மிகச் சிறியது. காதல் நோயுற்றுச் சாகக் கிடக்கும் இளைஞன் ஒருவன் அவளை அழைத்துவர ஆள் அனுப்புகின்றான். அவள் ஆறுதலாக வருகின்றாள். அன்பின்றி ஒரு சொல் கூறிப் போய்விடுகின்றாள். அவன் இறக்கின்றான். சாவு மணி கேட்டு அவள் மனம் உடைகின்றது, அவளும் இறக்கின்றாள்.

இப்பாடலை 1666 ஆம் ஆண்டு சனவரி 2 ஆந் திகதி ஒரு நடிகை பாடக் கேட்டு மகிழ்ந்ததாக, லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் தமது நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பின்னர் எழுத்தாளர் கோல்ட்ஸ்மித், சிறுவயதில் தம் வீட்டுப் பாற்காரி இதனைப் பாடித் தம்மை அழவைத்ததை நினைவுகூர்ந்தார். மாளிகையிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஒருங்கே வாழ்ந்த பாட்டு இது.

ஏட்டைப் பார்த்தன்றிக் காதாற் கேட்டே பாடியமையால், வாய்க்கு வாய் இது வேறுபட்டது. அலன் ராம்சே 1740 இல் அச்சிட்ட ஸ்கொத்லாந்துப் பாடத்தில், காதலன் சேர் ஜோன் கிரேம். காலம் இலையுதிரும் நவம்பர். பேர்சி பாதிரியார் 1765 இல் வெளியிட்ட ஆங்கிலப் பாடத்திலோ அவன் ஜெம்மி குரோவ். காலம் அரும்பு விரியும் மே மாதம்.

பெயரும் பருவமும் மாறுதல் பெரிதன்று. பெரியது வேறொன்று. ஸ்கொத்லாந்துப் பாடத்திலே பார்பரா தன் சினத்துக்குக் காரணம் கூறுகின்றாள்: மதுச்சாலையிலே பலர் நலத்துக்கும் கிண்ணம் உயர்த்திய நீ, என்னை மட்டும் புறக்கணித்தாயே என்கின்றாள். பேர்சியின் பாடத்தில் இக்காரணம் இல்லை. அவள் பிணத்தைக் கண்டும் நகைக்கும் கன்னெஞ்சினளாகின்றாள். கடல் கடந்து அமெரிக்கா சென்ற சில பாடங்களிலோ, இளைஞனும் மறுமொழி கூறுகின்றான்: மற்றோருக்கு மதுவை அளித்தேன், உனக்கோ என் இதயத்தையே அளித்தேன் என்கின்றான். அங்கே இருவர் கல்லறையிலும் முளைத்த ரோசாவும் முட்செடியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

பேராசிரியர் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களுள் இது 84 ஆவது. செசில் ஷார்ப் என்பார் 1916 முதல் 1918 வரை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்குடிகளிடையே அலைந்து இதன் பல வடிவங்களைத் திரட்டினார்.

இவற்றுள் எது மெய்யான பாடம் என மாணவர் வினவலாம். பாடியவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாடமே மெய். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. சில அடிகள் விடுபட்டதும், மனம் நொந்த பெண் கொடியவளாகிவிட்டாள். அயலாரைப் பற்றி நாம் கேட்கும் கதைகளிலும் இவ்வாறு சில அடிகள் விடுபட்டிருத்தல் கூடுமன்றோ?