ஏரி பச்சை கட்டினால் பாசியா குற்றவாளி?

கோடை முற்றித் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் நம் கிராமத்து ஏரிகளில் பல, பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிடுகின்றன. கரையோரம் ஆடை கட்டி நாறும். ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். உடனே ஊரில் "பாசி புடிச்சிடுச்சு" என்று ஒரே பேச்சு. அப்புறம் யாராவது ஒரு பெரிய மனிதர் "மயில்துத்தம் வாங்கித் தெளியுங்க, சரியாப் போயிடும்" என்பார். இதற்குப் பெயர் வைத்தியமா?

முதலில் அந்தப் பச்சை எது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது நீலப்பச்சைப் பாசி. பாசி என்று பெயர்தானே தவிர உண்மையில் பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை தன் உடலுக்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகளை வைத்துக்கொண்டு வெயிலுக்கு மேலே மிதந்து வரும். பகலில் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் மற்றவையும் சேர்ந்து அதையே உறிஞ்சித் தீர்த்துவிடும். மீன்கள் விடியலில் சாவது அதனால்தான். இவற்றில் சில கல்லீரலைத் தாக்கும் நஞ்சையும் உடலுக்குள் வைத்திருக்கின்றன. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாடும் சாகலாம். காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.

மயில்துத்தம் அதைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் செல் வெடித்தால் உள்ளே இருக்கும் நஞ்சு ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்குமே! 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நடந்தது இதுதான். குடிநீர் அணையில் பாசி அடர்ந்ததும் மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் வாந்தியோடும் வீங்கிய கல்லீரலோடும் நோயில் விழுந்தார்கள். பெரும்பாலோர் பூர்வகுடிக் குழந்தைகள்.

சரி, குற்றவாளி யார்? இதற்கு 1973இலேயே விடை கிடைத்துவிட்டது. கனடாவில் 226 என்ற எண் கொண்ட ஏரியின் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார் டேவிட் ஷிண்ட்லர். இரு பாதியிலும் கரிமமும் நைட்ரஜனும் போட்டார். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பாதி மட்டும் பச்சையானது. சோப்புக் கம்பெனிகள் கரிமத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த காலம் அது! கனடா சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு வரம்பு வைத்தது.

உத்திரமேரூர் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரிப் பாசன வயல்களின் வடிநீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. அந்த வயல்களில் நவரைக்கும் சொர்ணவாரிக்கும் மண்ணைப் பரிசோதிக்காமலே அடியுரமாக டி.ஏ.பி. கொட்டப்படுகிறது. 50 கிலோ மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். ஒரு கிலோ பாஸ்பரஸ் தண்ணீரில் கலந்தால் சுமார் 500 கிலோ ஈரப் பாசி வளர முடியும். மூட்டை முழுவதும் ஏரிக்குப் போவதில்லைதான். ஆனால் கொஞ்சம் போனாலே போதுமே! அத்தோடு தெருச் சாக்கடை, துணி துவைத்த தண்ணீர் எல்லாம் வரத்துக்கால்வாயில் விடப்படுகின்றன.

இது விவசாயி மேல் பழி போடுவதாகாது. கடன் வாங்கி மூட்டைக்கு 1,350 ரூபாய் கொடுத்தவரின் காசுதான் பச்சையாக மிதக்கிறது. அந்த பாஸ்பேட்டின் மூலப்பொருளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. கப்பலேற்றிக் கொண்டுவந்து ஏரியில் கரைக்கும் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

முன்பு இந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடியது. வயலிலிருந்து கழுவி வந்த சத்து ஏரியடியில் வண்டலாகப் படியும்; கோடையில் அந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கே திருப்பினார்கள். போனது திரும்பி வந்தது. இப்போது வண்டல் ஏரியிலேயே கிடக்கிறது, அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாஸ்பரஸை மறுபடி கக்குகிறது. 2017இல் குடிமராமத்து வந்தது, வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளலாம் என்றார்கள். 2024இல் வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று எளிதாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் ஏரி வேலை என்றாலே இன்னும் கரையை உயர்த்துவதும் நடைபாதை போடுவதும் பெயர்ப்பலகை நடுவதும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வரத்துக்கால்வாயில் என்ன வருகிறது என்று பார்க்க யாருக்கு நேரம்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை, குடவோலை என்று மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று இருப்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? அதற்கு ஆறு பேர், பதவி ஓராண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது; அவர் உறவினர் பெயரையும்தான்.

இன்று ஏரிக்கு நீர்வளத் துறை, சாக்கடைக்கு ஊராட்சி, உரத்துக்கு வேளாண் துறை, மீனுக்கு மீன்வளத் துறை. பாஸ்பரஸ் மட்டும் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு ஏரியிலும் தை மாதம் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை தண்ணீரில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்ணைக் கிராம சபையில் படித்தால் போதும். மயில்துத்தம் வாங்கும் காசிலேயே அதைச் செய்யலாம். அடுத்த கிராம சபையில் இதை யார் கேட்கப் போகிறார்கள்?